மாட்யூலில் எல்லோரும் பாஸ், மேசையில் அதே தவறு: பயிற்சியை எப்படி மாற்றுவது?

பொருள்பெட்டி (கேள்வி)

வணக்கம். ஒரு கிடங்கில், வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் சரக்கை வாங்கிப் பிரித்துப் பதிவு செய்யும் பிரிவு. 120 பேர், மூன்று ஷிஃப்ட். இவர்களுக்கான பயிற்சியை மாற்றி அமைக்க வேண்டும்.

இப்போது இருப்பது 45 நிமிட ஆன்லைன் மாட்யூல். 62 ஸ்லைடு, ஸ்லைடில் உள்ளதை அப்படியே வாசிக்கும் குரல், கடைசியில் 10 கேள்வி. 80 எடுத்தால் பாஸ். எல்லோரும் முடிக்கிறார்கள், எல்லோரும் பாஸ். வேலையில் பார்த்தால் அதே மூன்று தவறு: பெட்டியைப் பிரிக்கும் முன் படம் எடுப்பதில்லை, திருப்பிய காரணத்துக்குத் தப்பான குறியீடு, சீரியல் எண்ணைப் பொருளில் பார்க்காமல் பெட்டி மேல் இருப்பதைப் பார்த்தே பதிகிறார்கள்.

மேலிடம் சொல்வது "சுவாரஸ்யமாக ஆக்குங்கள்". மேசையில் இருக்கும் யோசனைகள்: பாயிண்ட், தரவரிசைப் பட்டியல் என்று விளையாட்டாக்குவது, மாட்யூலை 3 நிமிட வீடியோக்களாக வெட்டுவது, கண்ணில் மாட்டிக்கொண்டு கற்பனைக் காட்சியில் பழகும் விஆர் ஹெட்செட், ஏஐயோடு பேசிப் பழகுவது. எல்லாவற்றுக்கும் பணம் கிடையாது, 8 வாரம்தான் நேரம். எதில் கை வைக்கலாம், எதை விடலாம்?

வேர்க்காரணம்

அந்த நாலு யோசனையையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் சொன்ன மூன்று தவறும் மூன்று ரகம். ஒரே மருந்து கொடுத்தால் ஒன்றுக்கு மட்டும் கேட்கும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்.

பயிற்சித் துறையில் 1970-இலிருந்து புழங்கும் ஒரு கேள்வி உண்டு. ராபர்ட் மேகரும் பீட்டர் பைப்பும் பிரபலமாக்கியது: "உயிரே அதில்தான் இருக்கிறது என்றால், இவரால் அதைச் செய்ய முடியுமா?" முடியும் என்றால் அவருக்குத் தெரியும்; சொல்லிக்கொடுப்பதால் எதுவும் மாறாது. முடியாது என்றால்தான் பயிற்சியின் வேலை.

படம் எடுப்பதை இதில் வைத்துப் பாருங்கள். ஷிஃப்டில் ஐந்து பேரை நிறுத்தி "பிரிக்கும் முன் செய்யவேண்டியதைச் செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஐவரும் செய்வார்கள் என்றே நினைக்கிறேன். அப்படியானால் ஏன் செய்வதில்லை? மாட்யூலைத் திறக்காதீர்கள்; பிரிக்கும் மேசை பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்று பாருங்கள். கேமரா எட்டும் தூரத்தில் இருக்கிறதா? படம் ஏற எவ்வளவு நேரம் பிடிக்கிறது? மணிக்கு இத்தனை பெட்டி என்ற இலக்கு இருக்கிறதா? இருந்தால் படத்துக்கு ஆகும் 15 விநாடி அந்த இலக்கிலிருந்து போகிறது. எடுத்த படத்தை யாராவது பார்க்கிறார்களா? படம் எடுப்பவருக்கு நஷ்டம், எடுக்காதவருக்கு ஒன்றும் இல்லை என்றால், எடுக்காமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். அதை எந்த வீடியோவாலும் மாற்ற முடியாது.

இதற்கு மருந்து: படம் இல்லாமல் அடுத்த திரைக்குப் போக விடாதபடி மென்பொருளை மாற்றுவது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்றால், பெட்டி வெட்டும் கத்தியை கேமரா ஸ்டாண்டின் அடியில் ஒரு உறையில் வையுங்கள். கத்தியை எடுக்கப் போகும் கை கேமராவைத் தாண்டித்தான் போக வேண்டும். கூடவே இலக்கையும் அந்த 15 விநாடியைச் சேர்த்துக் கணக்கிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் கத்தி சட்டைப் பைக்குப் போய்விடும்.

குறியீடு இரண்டாவது ரகம். கடந்த ஒரு மாதப் பதிவுகளை எடுத்து, தப்பாகப் போட்டவை எந்தக் குறியீட்டில் குவிகின்றன என்று பாருங்கள். பட்டியலில் முதலில் நிற்கும் குறியீட்டில் குவிந்தால், அது பட்டியலின் கோளாறு: கை முதலில் படுவதை அழுத்திவிட்டுப் போகிறார்கள். "மற்றவை" என்பதில் குவிந்தால், வேண்டிய குறியீடு பட்டியலில் இல்லை. "சேதம்", "பழுது", "தரக்குறைவு" என்று ஒன்றோடொன்று உரசும் இரண்டு மூன்றுக்குள் சிதறினால் மட்டுமே அது பகுத்தறியும் பிரச்சினை. அதற்குத்தான் பழக்க வேண்டும். பட்டியலில் 20-க்கு மேல் குறியீடு இருந்தால் முதலில் அதைக் குறைக்கப் போராடுங்கள்.

சீரியல் எண்தான் உண்மையிலேயே கற்றுக்கொடுக்க வேண்டியது. அதிலும் இரண்டு பாதி. ஏன் பார்க்க வேண்டும் என்பது தெரிய வேண்டும்: பெட்டி ஒன்று, உள்ளே இருக்கும் பொருள் வேறு. எங்கே பார்ப்பது என்பது மனப்பாடம் செய்ய வேண்டிய விஷயமே இல்லை. எந்த வகைப் பொருளில் எண் எங்கே ஒளிந்திருக்கிறது என்று படங்களோடு ஒரு தாள், மேசைக் கண்ணாடிக்கு அடியில். அவ்வளவுதான்.

இப்படி வடிகட்டினால் 45 நிமிடத்தில் மிஞ்சுவது 12 நிமிடம் இருக்கலாம். அந்த 12 நிமிடத்தை எப்படிச் சுவாரஸ்யமாக்குவது என்பதுதான் சரியான கேள்வி.

கிளைக்கதை

மேலே சொன்னதில் எனக்கும் உடன்பாடு. மிஞ்சும் அந்த 12 நிமிடத்தைப் பற்றி.

சுவாரஸ்யம் என்றதும் கார்ட்டூன், இசை, சுழலும் சக்கரம் என்று போகிறார்கள். வேலை தெரிந்த ஆளை உட்கார வைப்பது இரண்டே: விடை சட்டென்று தெரியாத நிலைமை, தான் எடுத்த முடிவின் விளைவு. முதலில் இப்போதைய குவிஸுக்கு ஒரு சோதனை வையுங்கள். மாட்யூலைப் பார்க்காத, வேறு பிரிவில் வேலை செய்யும் மூன்று பேரிடம் அந்த 10 கேள்வியைக் கொடுங்கள். அவர்களும் பாஸ் ஆனால் அந்தக் குவிஸ் எதையும் அளக்கவில்லை. பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"சீரியல் எண்ணை எங்கே சரிபார்க்க வேண்டும்? பெட்டியில் / பொருளில் / எங்கும் வேண்டாம் / மேற்கண்ட அனைத்தும்."

இதற்கு விடை சொல்ல வேலை தெரிய வேண்டாம், கேள்வித்தாள் வாடை தெரிந்தால் போதும். அதையே இப்படி மாற்றலாம்:

"ஒரு ஹெட்ஃபோன் பெட்டி. சீல் உடையவில்லை. பெட்டி மேல் உள்ள எண் பில்லோடு ஒத்துப்போகிறது. வாடிக்கையாளர் எழுதியது: வலது பக்கம் சத்தம் வரவில்லை. ஷிஃப்ட் முடிய 10 நிமிடம், இன்னும் 6 பெட்டி காத்திருக்கிறது. அடுத்து?

அ) எண் ஒத்துப்போவதால் 'பழுது' குறியீடு போட்டு அடுத்த பெட்டியை எடுப்பேன்.
ஆ) சீலோடு படம் எடுத்துவிட்டுப் பிரித்து, ஹெட்ஃபோனில் உள்ள எண்ணைப் பார்ப்பேன்.
இ) சீல் இருப்பதால் 'பிரிக்காதது' எனக் குறித்து விற்பனை அடுக்குக்கு அனுப்புவேன்.
ஈ) முதலில் பிரித்து எண்ணைப் பார்த்துவிட்டு, வேறுபட்டால் மட்டும் படம் எடுப்பேன்."

சீல் உடையாத பெட்டியின் வலது பக்கம் சத்தம் வரவில்லை என்று வாடிக்கையாளருக்கு எப்படித் தெரிந்தது? அந்த முரண்பாட்டைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் சாமர்த்தியம். அதைக் கேள்வி வெளிப்படையாகச் சொல்வதில்லை. நாலு விடையும் ஏறக்குறைய ஒரே நீளம். சரியான விடையை மட்டும் நிபந்தனைகளோடு நீட்டி எழுதுவது எல்லோருக்கும் இருக்கும் பழக்கம். ஆட்கள் நீளத்தைப் பார்த்தே தட்டுகிறார்கள். தப்பான விடைகளை நீங்களாகக் கற்பனை செய்யாதீர்கள். மேசையில் உண்மையில் நடக்கும் தப்பிலிருந்து எடுங்கள். இங்கே உயிர்நாடி ஈ-தான், நல்ல வேலைக்காரரே அதைத் தேர்வார்.

தட்டியதும் "தவறு! மீண்டும் முயற்சிக்கவும்" வேண்டாம். விளைவைக் காட்டுங்கள். ஈ-க்கு: "உள்ளே இருந்த எண் வேறு. வாடிக்கையாளரோ, 'நான் அனுப்பியபோது சீல் இருந்தது, மாற்றியது நீங்கள்' என்கிறார். காட்டுவதற்கு உங்களிடம் ஒன்றும் இல்லை." இ-க்கு: "அடுத்து வாங்கியவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே பழைய ஹெட்ஃபோன்." விளக்கம் அதற்குப் பிறகு, இரண்டு வரி.

விடைக்கு ஏற்பக் கதையைக் கிளை பிரிய விடும்போது ஒரு கணக்கை மறக்க வேண்டாம். ஒவ்வொரு இடத்திலும் 3 விடை, 4 கட்டம் என்று முழுசாகப் பிரிய விட்டால் 40 முடிவெடுக்கும் இடங்களும் 81 கதை முடிவுகளும் வரும். எழுதி முடிக்கவே மாட்டீர்கள். எழுதினாலும் பெரும்பாலான கிளைகளை யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு விடைக்கும் தனி விளைவுத் திரை, பிறகு எல்லோரும் ஒரே அடுத்த காட்சிக்கு. 4 காட்சி, 12 விளைவு, மொத்தம் 16 திரை. பின்னணியில் ஒரே ஒரு எண்ணிக்கையை ஓட விடுங்கள், உதாரணத்துக்கு "ஆதாரம் இல்லாத பெட்டிகள்". முடிவில் அந்த எண்ணிக்கையைப் பொறுத்து இரண்டு மூன்று வகை முடிவு. இதை ஸ்லைடு மென்பொருளிலேயே லிங்க் கொடுத்துச் செய்யலாம்.

இன்னொன்று: ஸ்லைடில் உள்ள வரிகளை அப்படியே வாசிக்கும் குரலை முதல் நாளே நிறுத்துங்கள். கண் வேகமாகப் படிக்கும், காது பின்னால் இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். படம் இருந்தால் குரல், எழுத்து இருந்தால் மௌனம்.

இடைவெளி

இவ்வளவு நல்ல காட்சியை எழுதி ஒரே நாளில் கொடுத்து முடித்தால் ஒரு மாதத்தில் பாதி கரைந்துவிடும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இறங்குவதைக் காட்டிவிட்டார். எத்தனை சதவீதம் என்பதை அவர் அசைகளிலிருந்து உங்கள் மேசைக்குக் கொண்டுவர முடியாது. அந்த வளைவின் வடிவத்தைக் கொண்டுவரலாம். (வாசித்தால் 10 சதவீதம், கேட்டால் 20, செய்தால் 90 என்று ஒரு பிரமிடைப் பயிற்சி அறைகளில் மாட்டியிருப்பார்கள். அதற்கு மூலம் என்று சொல்லப்படும், 1946-இல் அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் வரைந்த கூம்பில் அந்த எண்களே கிடையாது. பின்னால் யாரோ ஒட்டியவை.)

பயன்படும் இன்னொரு சோதனை 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் செய்தது. ஒரு பத்தியை மறுபடி படித்தவர்கள் ஒரு பக்கம், படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். மாட்யூல் முடிந்தவுடன் குவிஸ் வைப்பது ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கு இதுவே போதும்.

நடைமுறையில்: பயிற்சி முடிந்து 2-ஆம் நாள், 7-ஆம் நாள், 21-ஆம் நாள், 60-ஆம் நாள். ஒவ்வொரு முறையும் இரண்டே காட்சி, ஷிஃப்ட் தொடக்கக் கூட்டத்தில் 3 நிமிடம். இரண்டு பயிற்சிக்கு நடுவே விடும் இடைவெளி, எவ்வளவு காலம் நினைவில் நிற்க வேண்டுமோ அதைப் பொறுத்தது: ஒரு வாரம் என்றால் அதில் 20 முதல் 40 சதவீதம் என்பது தோராயம். ஒரு வருடம் என்றால் 5 முதல் 10 சதவீதம் போதும். சூப்பர்வைசர் உண்மையான படம் ஒன்றைக் காட்டி "என்ன குறியீடு, ஏன்?" என்று கேட்கட்டும். முதலில் எல்லோரும் ஒரு துண்டுத் தாளில் எழுத வேண்டும், பிறகுதான் பேச்சு. வாயால் கேட்டால் முன்வரிசை மூன்று பேர் பதில் சொல்வார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

கெடும் இடங்கள்: அதே கேள்வியைத் திரும்ப வைத்தால் "அதுக்கு ஆ-தானே" என்று எழுத்தை மனப்பாடம் செய்துவிடுவார்கள், விதி அதுவாகவும் பொருள் வேறாகவும் இருக்க வேண்டும். "சேதம்" பத்து, பிறகு "பழுது" பத்து என்று அடுக்காதீர்கள். வேலையில் கலந்துதான் வருகிறது, கலந்தே பழக்குங்கள். முதல் இரண்டு முறை மதிப்பெண் குறைவாகத்தான் வரும், மேலிடத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேள்விகளை வேலை நேரத்துக்கு வெளியே போனுக்கு அனுப்பாதீர்கள். இந்த மதிப்பெண் மனிதவளப் பிரிவின் கோப்புக்குப் போகிறது என்று தெரிந்த அன்றே பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுவது தொடங்கும்.

3 நிமிட வீடியோ யோசனைக்கு: 45 நிமிடத்தைப் 15 துண்டாக வெட்டினால் 15 துண்டு சலிப்புதான் கிடைக்கும். குறுகியது என்பதால் மட்டும் எதுவும் மனதில் நிற்காது. ஒரு வீடியோ ஒரு செயலைக் காட்ட வேண்டும், அதுவும் தேடினால் 10 விநாடியில் கிடைக்க வேண்டும்.

பொருள்பெட்டி

நன்றி, எல்லோருக்கும். இரண்டு விஷயம் கேட்கணும். ஒன்று, ஷிஃப்டுக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் பொது. புது ஆட்களை ஒரு பழைய ஆளோடு ஒட்டிவிட்டு "நின்று பார்த்துக்கோ" என்பதுதான் நடக்கிற பயிற்சி. ஒவ்வொரு சீனியரும் ஒவ்வொரு மாதிரி சொல்லிக்கொடுக்கிறார். இரண்டு, பாயிண்ட் பட்டியல் வேண்டும் என்று மேலிடம் விடுவதாக இல்லை.

நாலுபடி

கம்ப்யூட்டர் இல்லாதது உங்களுக்கு நல்லதுதான். பெட்டி கண் முன்னால் இருக்கும்போது பெட்டியின் படம் எதற்கு?

"நின்று பார்த்துக்கோ" தோற்பதற்குக் காரணம் உண்டு. 15 வருடம் செய்தவருக்குத் தான் செய்வதில் பாதி கண்ணில் படாது. கை தானாகப் போகிறது, வாய் வேறு எதையோ சொல்கிறது. அமெரிக்காவில் 1940-இல் தொடங்கிய டிடபிள்யூஐ என்ற தொழிற்சாலைப் பயிற்சித் திட்டம் இதற்காகவே ஒரு தாளும் நாலு படியும் வைத்தது. போர்க்காலத்தில் அனுபவமே இல்லாதவர்களை வேகமாக வேலைக்குத் தயார் செய்ய வேண்டியிருந்தது. புதியது ஒன்றும் இல்லை, ஆனால் இன்றைக்கும் இதைவிட மலிவாக எதுவும் வேலை செய்வதைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

முதலில் தாள். மூன்று பத்தி: படி, குறிப்பு, ஏன். ஒரு வேலைக்கு 5 முதல் 7 படிக்கு மேல் போனால் அது இரண்டு வேலை, பிரித்துவிடுங்கள். குறிப்பு என்று எழுதத் தகுதி மூன்றுக்குத்தான்: வேலை தேறுவதும் கெடுவதும் அதில் இருக்க வேண்டும், அல்லது அடிபடும் ஆபத்து இருக்க வேண்டும், அல்லது வேலையைச் சுலபமாக்கும் கைவாகாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் பேச்சு. உங்கள் மேசைக்கு இப்படி வரும்:

படி: பெட்டியைப் படம் எடு. குறிப்பு: சீலும் முகவரிச் சீட்டும் ஒரே படத்தில் விழ வேண்டும். ஏன்: தனித்தனியாக எடுத்தால் இந்த சீல் இந்தப் பெட்டியுடையது என்று காட்ட முடியாது.

படி: வெட்டித் திற. குறிப்பு: கத்தி முனை அரை விரல் தடிமனுக்கு மேல் இறங்கக் கூடாது, வெட்டு உடம்பை விட்டு வெளிப்பக்கமாக. ஏன்: பொருளில் கீறல் விழும், அது வாடிக்கையாளர் கணக்கில் ஏறும், கையும் போகும்.

படி: எண்ணைப் படி. குறிப்பு: பொருளில் உள்ள கடைசி நாலு இலக்கத்தை முதலில் வாயால் சொல், பிறகு திரையில் பார். ஏன்: திரையை முதலில் பார்த்தால் கண் அதையே பொருளிலும் "பார்க்கும்".

இந்தத் தாளை நீங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதாதீர்கள். மூன்று ஷிஃப்டிலிருந்தும் ஒரு சீனியரைத் தனித்தனியாக வேலை செய்ய வைத்து எழுதுங்கள். மூன்று தாள் மூன்று விதமாக வரும். அந்த வேறுபாடுகளை சூப்பர்வைசர் முன்னால் உட்கார்ந்து தீர்த்துக்கொள்வதுதான் பாதிப் பயிற்சி. அங்கே தீராத சண்டை புது ஆளின் தலையில் விடியும்.

அடுத்து நாலு படி.

1. தயார் செய்வது. என்ன தெரியும் என்று கேட்கணும். அவரைப் பக்கத்தில் நிறுத்தணும், எதிரில் அல்ல. எதிரில் நின்றால் இடது வலது மாறித் தெரியும்.

2. காட்டுவது. ஒரே வேலையை மூன்று தடவை. முதல் தடவை படிகளை மட்டும் சொல்லிக்கொண்டே. இரண்டாவது தடவை படியும் குறிப்பும். மூன்றாவது தடவை படி, குறிப்பு, ஏன். எல்லாவற்றையும் முதல் தடவையே கொட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு.

3. செய்ய விடுவது. முதலில் பேசாமல் செய்யட்டும்; தப்பை அந்த நொடியே நிறுத்தித் திருத்தணும், பழகவிட்டுத் திருத்தக் கூடாது. பிறகு அவரே படி, குறிப்பு, ஏன் மூன்றையும் சொல்லிக்கொண்டு செய்யணும். "புரிந்ததா?" என்று கேட்கவே வேண்டாம். புரியாதவரும் ஆம் என்றுதான் சொல்வார். சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று ஒரு பெயர் சொல்லணும், "யாரையாவது கேள்" என்றல்ல.

4. பின்தொடர்வது. முதல் நாள் மணிக்கு ஒருமுறை, இரண்டாம் நாள் மூன்று முறை, வாரக் கடைசியில் ஒருமுறை. இந்த எண்ணிக்கை நான் சொல்வது. குறைந்துகொண்டே போகணும் என்பது முறை.

பழக்குவதற்கு 12 நிஜப் பெட்டி தயார் செய்து வையுங்கள்: 4 சரியானவை, 3-இல் உள்ளே வேறு எண், 2 திறந்து மறுபடி ஒட்டிய சீல், 3 குறியீட்டில் வாதம் வரக்கூடியவை. சரியானவை கட்டாயம் வேண்டும். எல்லாமே கோளாறுப் பெட்டி என்றால் ஆட்கள் சந்தேகப்படப் பழகுவார்கள், பகுத்தறியப் பழக மாட்டார்கள். வாரம் ஒருமுறை நாலு பெட்டியையாவது மாற்றுங்கள். விடை அதற்குள் சாப்பாட்டு மேசையில் பரவியிருக்கும்.

அளவுகோல்

பாயிண்ட் பட்டியல் பற்றி. எதற்குப் பாயிண்டோ அதுதான் நடக்கும், அதைத் தவிர எதுவும் நடக்காது. வேகத்துக்குக் கொடுத்தால் எண் பார்க்காமல் தள்ளுவார்கள். மாட்யூல் முடித்ததற்குக் கொடுத்தால் "அடுத்து" பொத்தானை நன்றாக அழுத்துவார்கள். தனிநபர் பட்டியலில் மேலே உள்ள ஐந்து பேர்தான் ஆடுவார்கள். 40-ஆவது இடத்தில் இருப்பவர் இரண்டாவது வாரமே விட்டுவிடுவார். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் படம் வரைவதில் ஆசை உள்ள குழந்தைகளுக்கு "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு அந்தக் குழந்தைகள் தாமாக வரைவது குறைந்தது. உங்கள் சீனியர்கள் குழந்தைகள் இல்லை. ஆனால் புது ஆளுக்குத் தானாகவே சொல்லிக்கொடுக்கும் ஒருவருக்கு அதற்கு 5 பாயிண்ட் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

மேலிடம் விடவில்லை என்றால்: பட்டியல் குழுவுக்கு, ஆளுக்கு அல்ல. குழு போட்டியிடுவது தன் போன வாரத்தோடு. எண்ணுவது சரியாகப் பதிந்த பெட்டிகளின் விகிதத்தை, வேகத்தை அல்ல. பரிசுப் பணம் வேண்டாம். 8 வாரத்தில் நிறுத்துவோம் என்று தொடங்கும்போதே அறிவியுங்கள்.

அளப்பதற்கு: டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் வைத்த நாலு நிலை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, பலன் வந்ததா. முதல் இரண்டோடு நிற்பவர்கள்தான் அதிகம். நீங்கள் மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள். பயிற்சியை மாற்றும் முன், ஷிஃப்டுக்கு 50 பெட்டி வீதம் குலுக்கலில் எடுத்து மூன்று தவறையும் தனித்தனியாக எண்ணுங்கள். இரண்டு வாரம். இந்த அடிக்கணக்கு இல்லாமல் தொடங்கினால் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது.

பிறகு மூன்று ஷிஃப்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் ஷிஃப்டுக்கு 3-ஆம் வாரம், இரண்டாவதுக்கு 5-ஆம் வாரம், மூன்றாவதுக்கு 7-ஆம் வாரம். முதல் ஷிஃப்டில் தவறு இறங்கி மற்ற இரண்டில் இறங்காவிட்டால் அது உங்கள் பயிற்சி. மூன்றிலும் சேர்ந்து இறங்கினால் காரணம் வேறு: சரக்கு குறைந்திருக்கும், அல்லது யாரோ மென்பொருளைத் தொட்டிருப்பார்கள். 50-இல் 6 தவறு போன வாரம், இந்த வாரம் 4 என்பதற்கெல்லாம் கை தட்ட வேண்டாம். சின்ன எண்ணிக்கையில் அது சும்மாவே ஆடும். நாலு வாரம் தொடர்ந்து இறங்கட்டும்.

ஒரு திருத்தம்: வேர்க்காரணம் சொன்ன கத்தி இட மாற்றத்தையும் பயிற்சியையும் ஒரே வாரத்தில் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. கத்தியை முதல் நாளே எல்லா ஷிஃப்டிலும் மாற்றிவிட்டு, அதன் பிறகு அடிக்கணக்கு எடுங்கள்.

கிளைக்கதை

விட்டுப்போன இரண்டு யோசனைக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். விஆர் ஹெட்செட் பயன்படுவது நிஜத்தில் பழக முடியாதவற்றுக்கு: தீ, ஃபோர்க்லிஃப்ட் கவிழ்வது, வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அவசரநிலை. 12 பெட்டியை மேசையில் வைத்துப் பழகக்கூடிய வேலைக்கு அது வீண்.

ஏஐ உரையாடலும் மேசை ஆட்களுக்கு வேண்டாம், அவர்கள் யாரோடும் பேசுவதில்லை. தகராறு வரும்போது வாடிக்கையாளரிடம் போனில் பேசும் பிரிவு இருந்தால் அங்கே கொடுங்கள். ஏஐயை வாடிக்கையாளராக நடிக்கச் சொல்லி எழுதும் குறிப்பில் நாலு விஷயம் இருக்கணும்: அவர் யார், அவருக்கு என்ன தெரியும், எதைக் கேட்டால் மட்டும் சொல்வார், எப்போது இறங்கி வருவார். கடைசியை எழுதாவிட்டால் அது இரண்டாவது வரியிலேயே "உங்கள் விளக்கத்துக்கு நன்றி" என்று சமாதானமாகிவிடும். நிஜ வாடிக்கையாளர் அப்படி இல்லை. "ஊழியர் படத்தின் தேதியைச் சொல்லி, அடுத்து என்ன நடக்கும் என்றும் சொன்ன பிறகே சம்மதி" என்பது போல் நிபந்தனையாக எழுதுங்கள். மதிப்பெண் போடும் வேலையை அதனிடம் கொடுக்காதீர்கள், ஒரே உரையாடலுக்கு இருமுறை கேட்டால் இரண்டு மதிப்பெண் தரும். உரையாடலை டீம் லீட் படித்து, இரண்டு இடத்தைக் காட்டிப் பேசினால் போதும். நிஜ வாடிக்கையாளர் பெயர், ஆர்டர் எண் எதையும் உள்ளே ஒட்டக்கூடாது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

பொருள்பெட்டி

கடைசியாக ஒன்று. சரக்கு குவியும் காலத்தில் தற்காலிக ஆட்கள் 30 பேர் வருவார்கள், சில நாள்தான் இருப்பார்கள். அவர்களுக்கும் இதே நாலு படியா?

நாலுபடி

முறை அதேதான், வேலையைக் குறையுங்கள். தற்காலிக ஆட்களுக்குப் படம் எடுப்பது, வெட்டித் திறப்பது, எண் படிப்பது வரை மட்டும். ஒருவருக்கு 25 நிமிடம் ஆகும். குறியீடு போடும் வேலையை அவர்களிடம் கொடுக்காதீர்கள். ஐந்து பேர் பிரித்து வைப்பதை ஒரு நிரந்தர ஆள் பார்த்துக் குறியீடு போடட்டும். பகுத்தறியும் வேலை ஒரே கையில் இருந்தால் தப்பும் ஒரே மாதிரி வரும், பிடிப்பது சுலபம். ஒரு சீனியர் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் சொல்லிக்கொடுக்கணும். மூன்று பேரைச் சுற்றி நிறுத்தினால் மூன்றாமவர் முதுகைத்தான் பார்ப்பார்.

தாளின் ஓரத்தில் தேதி போடுங்கள். குறியீட்டுப் பட்டியலைக் குறைத்த அன்றே பழைய தாள்களை மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து நீங்களே போய் உருவி எடுத்துவிடுங்கள். மின்னஞ்சலில் சொன்னால் பாதி மேசையில் பழையதுதான் இருக்கும், புது ஆள் அதைப் பார்த்துத்தான் கற்பார்.